ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஊர்

போன வாரம் பஸ் ஆம்பூரைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படித்தான் இங்க இருக்காங்களோ" என்றார். நானோ மூச்சை இழுத்து இழுத்து உள்வாங்கிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு நாற்பது வயது குறைந்துவிடும். முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்ளாது.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்தப் பக்கம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஜீப் டிரைவர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பாதி தூரம் ஓட்டுவேன், மீதி தூரம் தள்ளுவேன். ரேடியேட்டர் ஒழுகும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பது ஆபீசர் அல்ல, வண்டிதான்.

அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளவயது இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர். ஒரே ஒரு குடிநீர்த் தொட்டிக்குத்தான் சர்க்காரிடமிருந்து பணம் வந்திருந்தது. மனு போட்டதோ இரண்டு ஊர். மலையடிவாரத்தில் கல்லுமேடு, பாலாற்றங்கரையில் ஆத்தோரம். எந்த ஊருக்கு என்று நேரில் பார்த்து அவர்தான் எழுத வேண்டும். பாவம், அதை நினைத்தே சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார்.

கல்லுமேட்டில் எங்களை இறங்கவே விடவில்லை. காலிக் குடங்களோடு பெண்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். குப்பம்மா என்று ஒரு அம்மாள், குரல் ஊர் எல்லை வரை கேட்கும். "வாய்யா, வந்து எட்டிப் பாரு. எங்க கெணத்துல ஆடு மேய்க்கலாம்!" என்றாள். எட்டிப் பார்த்தோம். அடியில் பாறைதான் தெரிந்தது.

ஆத்தோரத்தில் எல்லாம் மரியாதை. வார்டு மெம்பர் முனுசாமி, தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர், தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கிணறு கையெட்டும் தூரத்தில் நிரம்பி நின்றது. இன்ஜினீயர் அதைப் பார்த்த சந்தோஷத்தை என்ன சொல்ல! சொந்த ஊருக்கே போய்வந்துவிட்டார். காபி வந்தது. குடித்துவிட்டு, "பிரமாதம். தண்ணியும் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"ஏதோ இருக்குதுங்க சார்" என்றார் முனுசாமி. மனு போட்டவரே அவர்தான். ஆனால் தண்ணீரைக் குறை சொன்னால் ஷாப்பைக் குறை சொன்னதாகிவிடும்; ஊரில் பாதி அடுப்பு அந்த ஷாப்பால்தான் எரிந்தது. காபியைப் புகழ்ந்ததில் மலர்ந்த அவர் முகம் அப்படியே சுருங்குவதைப் பார்த்தேன். தொட்டி கைவிட்டுப் போகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

நான் வழக்கம்போல வண்டிக்குத் தண்ணீர் கேட்டேன். முனுசாமியின் மருமகள் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து மாமியார் சரோஜாம்மா போட்ட சத்தத்தில் குடமே நழுவியிருக்கும்.

"இன்னாடி பண்ற? அது வெளியூரு தண்ணிடி! சைக்கிள்ல வெச்சு தள்ளிக்கினு வந்தது! வண்டிக்கு கெணத்துத் தண்ணி பத்தாதா?"

இன்ஜினீயர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப என் காபிக்கு மட்டும் வேற தண்ணியா? அந்தக் கிணத்துத் தண்ணியக் கொஞ்சம் கொடுங்க."

முனுசாமி கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். "வேணாம் சார். வூட்டுக்கு வந்தவருக்கு அத்தக் குடுத்தா நாங்க மனுசனுங்களா?"

"நீங்க தினம் குடிக்கிறீங்களே?"

"நாங்க பழகிட்டோம் சார்" என்றாள் சரோஜாம்மா. "பருப்புதான் இன்னும் பழகல. எவ்ளோ நேரம் எரிச்சாலும் வேவ மாட்டேங்குது."

இன்ஜினீயர் தானே வாளியை இறக்கி, ஒரு வாய் குடித்தார். ஷாப்புக் கழிவு இறங்கிய உப்புக் கரிப்பு. விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பேர் முன்னால் துப்பவும் மனசு வரவில்லை. விழுங்கினார். என் ரேடியேட்டர் ஏன் மாதாமாதம் அரித்துப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பும் வழியில் இன்ஜினீயர், "மழை பேஞ்சா கல்லுமேட்டுக் கிணறு ஊறிடும். இது எந்த மழைக்கும் மாறாது, டிரைவரே" என்றார். ஆத்தோரத்துக்கே எழுதினார். உத்தரவும் வந்தது.

மறுநாள், "கல்லுமேட்டுக்கு விடுங்க" என்றார்.

"இன்னாத்துக்கு சார் பேஜாரு? பேப்பர் போனா தெரிஞ்சுக்குவாங்க."

"இல்லேன்னும் நாமதான் சொல்லணும்."

போனோம். வாங்கிக் கட்டிக்கொண்டோம். குப்பம்மா பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. அவர் நிழலுக்குக்கூட ஒதுங்காமல் நின்று கேட்டார். பிறகு ஆத்தோரத்துக் கிணற்றில் தான் குடித்த ஒரு வாயைப் பற்றிச் சொன்னார். "இந்த வருஷம் உங்களுக்கு இல்லம்மா. அடுத்த பணம் வந்தா முதல்ல உங்க ஊரத்தான் எழுதுவேன்" என்றார்.

குப்பம்மா இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். "இல்லேன்னு சொல்ல இவ்ளோ தூரம் வந்தியேப்பா. ஒரு வாய் மோரு குடுக்கலாம்னா, கரைக்கத் தண்ணி இல்ல. போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

கல்லுமேட்டுக்குத் தொட்டி வந்தபோது இன்ஜினீயர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான் வந்தது என்று ஆபீசில் சொன்னார்கள். அந்த ஜீப்பை ஏலத்தில் விட்டார்கள். சரோஜாம்மா இல்லை, குப்பம்மாவும் இல்லை. தொட்டிகள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. மனு போட்டால் இப்போது போனிலேயே பதில் வருகிறதாம், பரிசீலனையில் இருக்கிறது என்று. நானும் அப்புறம் எத்தனையோ ஆபீசர்களுக்கு வண்டி ஓட்டினேன். அடிக்கல் நாட்ட ஓட்டினேன், திறப்பு விழாவுக்கு ஓட்டினேன். இல்லை என்று சொல்வதற்காக ஒருவரும் ஒரு ஊருக்கும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.