நங்கூரக் கயிற்றை இணைத்தது நான்

எங்கள் அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை இந்த நினைவு மலரில் எழுதித் தரும்படி குடும்பத்தார் தங்கையான என்னைக் கேட்டார்கள். அதற்கு முன் நான் செய்த குற்றத்தை எழுத வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊரில் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்ததும், பதினெட்டு வயதில், அம்மாவையும் என்னையும் மும்பை தாராவிக்கு அழைத்து வந்தார். பகலில் பட்டறையில் வேலை, மாலையில் ஐ.டி.ஐ. படிப்பு. பிறகு அணுசக்தி நகரில் டெக்னீஷியன் ஆனார். என்னை ஆசிரியை ஆக்கினார். தாம் திருமணம் செய்துகொள்ளவே இல்லை. ஓய்வுபெற்றபின் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள், டிராம்பே படகுத்துறையில் நின்ற சிறிய ஃபைபர் படகு.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அதற்குப் புது நங்கூரக் கயிறு வாங்கினார். அப்போதுதான் அவருக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. “வீடியோ பாத்து நானே போட்டுருவேன்ணா” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கயிற்றின் மூன்று புரிகளையும் பிரித்து, நங்கூரச் சங்கிலியின் கடைசி வளையத்தில் கோத்து, மறுபடி கயிற்றுக்குள்ளேயே ஆறு சுற்றாவது செருகிச் செருகிப் பின்ன வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே என் விரல்களில் தோல் உரிந்தது. மீதிப் புரிகளை வெட்டி, நுனிகளை நெருப்பில் உருக்கி, பார்வைக்கு அழகாக முடித்துவிட்டேன்.

“எத்தன சுத்துட்டி போட்ட?” என்று கேட்டார் அண்ணன்.

“ஆறு.”

“சபாஷ்ட்டி.”

அந்த வாரமே கடல் பெரிதாக ஏறியபோது கயிறு சங்கிலியிலிருந்து உருவிக்கொண்டது. படகு மிதந்துபோய்ப் பக்கத்துப் படகின் மேல் மோதி அதன் எஞ்சினை உடைத்தது. அந்தப் படகுக்காரர், ஒரு மராத்தியர், கயிற்றைத் தூக்கிக் காட்டி, “கிஸ்னே கியா யே?”, யார் செய்தது இது என்று கத்தினார்.

நான் அங்கேயேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

“மைனே கியா”, நான்தான் செய்தேன் என்றார் அண்ணன்.

எஞ்சினைத் தம் கையாலேயே சரிசெய்து கொடுத்தார். ஆனாலும் அதன்பின் யாரும் தம் படகின் அருகே அவர் படகைக் கட்ட விடவில்லை. மறு வருடம் படகை விற்றுவிட்டார். நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தல் போடும்போதெல்லாம், “கயித்த மட்டும் அவர்ட்ட குடுத்துராதீங்க” என்று கேலி பேசுவோம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் வைத்து அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்ட்டி. அறுந்த கயிறு மாதிரியா இருந்துச்சு அது? ரெண்டு சுத்துதான்.”

“பிறகு ஏன்ணா சொல்லல?”

“படகு என்னோடதுல்லா? தண்ணில போடுமுன்ன கையால தடவியாவது பாத்திருக்கணும். பாக்காதது நான்தானே.”

அன்றே எல்லோரையும் அழைத்துச் சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அந்த மராத்தியரும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரிடம் சொன்னேன். என்னை அவர் திட்டவில்லை. “உஸ்கோ பாஜூ மே ஆனே நஹி தியா மை” என்று, அண்ணனைப் பக்கத்தில் வரவிடாததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கும், மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த திலக் நகர் அண்டை வீட்டாருக்கும், ஜெபித்த பங்கு மக்களுக்கும் எங்கள் நன்றி. உறவினர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் அந்தக் கேலி மட்டும் எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.