சொல்தாவின் ஆ வூ

என் வீட்டு ஷெட்டின் தகரக் கூரையில் ஒரு வெட்டு இருக்கிறது. துருப்பிடித்துக் கிழிந்தது இல்லை. வாசல் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு கை நீளத்துக்கு நானே அளவு பார்த்து வெட்டி, ஓரத்தை மடித்துத் தட்டிவிட்டது. அதன் வழியாக ஜீப்பின் ஏரியல் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் நேராகப் பின்சீட்டில் விழும். எதிர்வீட்டுக்காரர், "இன்னா பெரியவரே, யாராவது வீம்புக்குன்னு கூரைய அறுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல விடாத ஆள் நான். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே இந்த வெட்டு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். கையில் ஒரு ஸ்பானர், ஒரு டெஸ்ட் லாம்ப், இவ்வளவோடு நெல்லித்தோப்பில் வண்டி ஒயரிங் கடை போட்டேன். பிறகு டாக்டர் கார், அதிகாரி ஜீப், கல்யாண மண்டப முதலாளி வண்டி எல்லாம் என் கடை வாசலில் வரிசையில் நின்றன. ஹார்ன் சத்தத்தை வைத்தே பேட்டரி எப்படி இருக்கிறதென்று சொல்வேன். சும்மா சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஷாக் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கடைக்குத்தான் சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். இவர் ரெட்டியார்பாளையத்தில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் பிரான்சில். இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை, நரைத்த மீசை, காடு மேடெல்லாம் ஏறும் ஒரு பழைய ஜீப். அந்த ஜீப்புக்கு ஒயரிங் போட்டதும் நான், பச்சைப் பெயின்ட் அடித்ததும் நான். ஒருநாள் அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே இரண்டு ஒயர்லெஸ் செட், லைசென்ஸ் கேட்காத, சக்தி குறைந்த செட். பட்டாளத்தில் அவர் வேலையே ஒயர்லெஸ்தான்.

"பத்ரோன், இத மாட்ட உன்னால ஆவுமா? ஆவாதுன்னா சொல்லிடு, மெட்ராசுக்கு எட்துனு போறேன்." முதலாளியைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம். அவர் வாயால் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். நான் அவரை முசே என்பேன், நம்ம 'ஐயா' மாதிரி.

"ஆவுமாவா? ஏரோப்ளேன எட்டாந்து நிறுத்துங்க முசே, அதுலயும் மாட்டிக் காட்றேன்" என்றேன். அதுவரை அப்படி ஒரு செட்டை நான் தொட்டதுகூட இல்லை.

சாவி லைனில் கொடுக்காமல் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்து, வழியில் பியூஸ் வைத்தேன். என்ஜின் ஓடும்போது டைனமோவின் சத்தம் செட்டுக்குள் கொசு மாதிரி பாடியது. ஒரு கண்டென்சர் போட்டு அதை அடக்கினேன். மேலே கான்வாஸ் கூரை என்பதால் ஏரியலைப் பின்பக்க மூலைத் தகட்டில் நிறுத்தினேன். எல்லாம் சரி, செட்டில் மட்டும் வெறும் இரைச்சல். கழற்றினேன், மாட்டினேன், முறைத்துப் பார்த்தேன். கடைசியில் நானேதான் பிடித்தேன்: ஏரியல் என் பச்சைப் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, இரும்பைத் தொடவில்லை, எர்த் கிடைக்கவில்லை. கண்ணாடி மாதிரி நான் அடித்த பெயின்டை நானே அரத்தால் சுரண்டினேன். சொந்தப் பிள்ளைக்கு மொட்டையடிக்கிற மாதிரி இருந்தது. வெள்ளை இரும்பு தெரிந்ததும் யாரோ தூரத்து ஆளின் பேச்சு செட்டில் பளிச்சென்று கேட்டது.

"இன்னோரு செட்டு எங்க முசே மாட்டணும்?"

அவர் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்டுல வெக்கலாம்னுதான் வாங்கனேன். பெட்டி வந்து சேர்றதுக்குள்ள அவ போய்ட்டா. சேக்காளிங்கள கேட்டேன். போன் இருக்க சொல்ல இது எதுக்குன்றானுங்க."

"என் கடையில வெச்சுடுங்க. மாடியில ஏரியல் நிறுத்துனா கோரிமேடு வரிக்கும் கேக்கும்" என்றேன். என் வேலை எவ்வளவு தூரம் போகிறதென்று பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது.

கடையில் செட்டை மாட்டியதும் முதல் சோதனைக்கு அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். செட்டில் அவர் குரல் வந்தது: "பத்ரோன், கேக்குதா? ஆ... வூ." பிறகு அமைதி. அவர் மீதியைச் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். மறுபடியும், "பத்ரோன்? ஆ வூ!" அப்புறம் இன்னும் சத்தமாக, "ஆ வூ! ஆ வூ!" கடை ஆட்கள், "இன்னாண்ணே, முசே ஊளை உடறாரு?" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனி ஆள், வயசான நெஞ்சு. ஸ்கூட்டரை உதைத்து எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் பச்சை ஜீப்பைத் தேடிக்கொண்டு பறந்தேன்.

கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மரத்தடியில் நிறுத்தியிருந்தார். கையில் டீ. "முசே, நெஞ்சு வலியா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். விஷயம் புரிந்ததும் டீ சிந்துகிற மாதிரி சிரித்தார். 'ஆ வூ' என்றால் 'நான் பேசிட்டேன், இனி உன் முறை' என்று அர்த்தமாம். பேச்சை முடித்துக்கொள்வதற்கு வேறு சொல், 'தெர்மினே'. கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ போன பெறவு என்னத் தேடிக்கினு ஒருத்தன் ஓடியாந்தது இன்னிக்குதான்யா" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் கூப்பிடுவார். "கடலு இன்னிக்கு அழுக்குப் பச்ச. ஆ வூ." "பஸ்ஸுலருந்து ஒருத்தன் மாவுக்கட்டுக் கால தூக்கிக்கினு எறங்கறான், பொண்டாட்டி அவனத் திட்டிக்கினே தாங்கறா. ஆ வூ." அப்போது என் வீடு நிறைய ஆள், கடை நிறைய வண்டி. "எனக்கு ஏது முசே நேரம்" என்று அலுத்துக்கொண்டே பதில் சொல்வேன். ஒரு தடவைகூட அவர் 'தெர்மினே' சொன்னதில்லை. செட்டை அணைத்துவிடுவார், அந்தச் சொல் மட்டும் வராது.

பிறகு மகள் வந்து அவரைக் கூட்டிப்போனாள். புறப்படுகிற அன்று ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்தினார், இறங்கவில்லை. எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். செட்டில் பேசினார். முகத்துக்கு நேராக அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"பத்ரோன், வண்டிய நீ வெச்சுக்கோ. ஏரியல மட்டும் கழட்டிடாத. ஆ வூ."

"கழட்ட மாட்டேன் முசே. போனதும் பேசுங்க. ஆ வூ" என்றேன். அவர் தலையை ஆட்டினார், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மகளின் காரில் ஏறிக்கொண்டார். அங்கேயே காலமாகிவிட்டதாக மகள் பிறகு சொல்லி அனுப்பினாள்.

இப்போது கடையை வாடகைக்கு விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரியும் இல்லை. பெரியவன் கனடாவில், சின்னவன் பெங்களூரில். இருவரையும் படிக்கவைத்தது என் கை. போன் செய்வார்கள், குறை சொல்ல மாட்டேன். "சாப்டிங்களாப்பா? மாத்திர போட்டிங்களா? சரிப்பா, வெச்சிடறேன்." எல்லாப் பேச்சும் அந்த 'வெச்சிடறேன்'-இல் வந்து நிற்கும். இந்த ஷெட் போட்டபோது கூரை தாழ்வாகிவிட்டது. பெரியவன், "அந்த ஏரியல அறுத்துட்டு ஜீப்ப வித்துடுங்கப்பா" என்றான். நான் தகரத்தை அறுத்தேன்.

கடையிலிருந்த செட் இப்போது வீட்டுக் கூடத்தில், எப்போதும் போட்டபடி இருக்கிறது. சில சாயங்காலம் ஜீப்பில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி, "முசே, மழ வர்ற மாதிரி கீது. ஆ வூ" என்பேன். ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவன் குரல் அதையே சொல்லும். பட்டனை விட்டதும் வெறும் இரைச்சல். நல்ல இரைச்சல், கொசு பாடாத இரைச்சல், என் வேலை அப்படி.

நேற்று மழை கொட்டியது. வெட்டு வழியாக ஒழுகிப் பின்சீட்டு நனைந்தது. பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து சீட்டின் மேல்தான் போட்டேன், வெட்டை மூடவில்லை. கடைசியாக 'ஆ வூ' சொன்னவன் நான். இனி பேச வேண்டியது அவர்.