கைக்கு எட்டிய ஆன்டெனா

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளகோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் கட்டிய ஒரு செம்புக் கம்பியால் நடந்தது இது.

வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் அமெச்சூர் ரேடியோ, நாற்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த ஆசை. பரீட்சை எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, உரிமம் கையில் வந்ததும் தலைகால் புரியவில்லை. ரேடியோ தயார், ஆன்டெனாதான் பாக்கி. ஆன்டெனாக் கம்பியை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும், நாம் பேசும்போது அதன் முனையைத் தொட்டால் சுட்டுவிடும் என்பதெல்லாம் பரீட்சைக்கே படித்ததுதான். ஆனால் கம்பம் நட்டுத் தர வேண்டிய வெல்டிங்காரர், "நாளைக்கு வாரனுங்க" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, என் தோள் உயரத்திலேயே இழுத்துக் கட்டிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு முறை பேசிப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதானே!

இரைச்சலுக்கு நடுவே வால்பாறையிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். நான் பேச ஆரம்பித்ததும் மீட்டர் முள் குபீரென்று ஏறியது. அப்படி ஏறினால் கம்பியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நான் ஈயம் உருக்கி ஒட்டிய சால்டரிங்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். கிடைத்த மனிதரை விட மனசில்லாமல் மைக்கை மறுபடி அழுத்தினேன். அப்புறம் இன்னொரு முறை.

"அய்யோ!" என்று மாடியில் ஓர் அலறல். வாளி உருளும் சத்தம்.

மேல் போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். படிகளை எப்படி ஏறினேன் என்றே தெரியாது. கம்பியில் இரண்டு ஈரச் சேலைகள் தொங்கின; மீட்டர் முள் ஏறியது அவற்றால்தான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியில் சுட்டு வெள்ளையாக ஒரு பொட்டு.

"ஏனுங்க்கா, புதுசாக் கொடி கட்டிருக்கீங்கன்னு நெனச்சு, கேக்காமத் துணி போட்டுட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்!

"உழுந்துட்டியா அம்மணி? வயித்துல அடி கிடி பட்டுச்சா?"

"இல்லீங்க்கா, சுருக்குன்னதும் பயந்து உக்காந்துபோட்டேன். ஆனா… கொழந்தை அசையறாப்பல தெரியலீங்க்கா."

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. நர்ஸ் ஒரு சின்னக் கருவியை அவள் வயிற்றில் வைத்தார். வெறும் இரைச்சல். இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மீண்டும் இரைச்சல். ரேடியோவில் எத்தனையோ மணி நேரம் இரைச்சலைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த அரை நிமிடம் போல் எதுவும் என்னை வாட்டியதில்லை. பிறகு மெல்ல, குதிரை ஓடுகிற மாதிரி, டப் டப் டப் என்று கேட்டது. அவளுக்கு முன்னால் நான்தான் ஓவென்று அழுதேன்.

இப்போது ஆன்டெனா உயரமான கம்பத்தில் இருக்கிறது. தள்ளி ஒரு துணிக்கொடியும் கட்டிக் கொடுத்திருக்கிறேன்; அதில் அவளுடைய பெண் குழந்தையின் சட்டைகள் காய்கின்றன. ஆனாலும் ஒருமுறை மாடியேறிப் பார்க்காமல் நான் மைக்கைத் தொடுவதில்லை. 'கைக்கு எட்டாத உயரம்' என்று பரீட்சையில் சரியாகப் பதில் போட்டுத் தேறியவள் நான். அது யாருடைய கை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.