வாசலில் ஊதிக் காட்டியவர்

என் அக்கா புருஷன் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டால் கத்தரி ஒரு நூல் விலகாது. குடியில் மட்டும் அந்த மனிதருக்கு அளவு கிடையாது. சோறு போட்டால், "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். எதனால் நிறைந்தது என்று ஊருக்கே தெரியும்.

அக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்து வருகிறவர் வாசலிலேயே நின்று அவள் முகத்தில் ஊத வேண்டும். வாடை அடித்தால் படுக்கை வராந்தாவில். ஆள் லேசுப்பட்டவரா? கிராம்பை மென்றுவிட்டு வந்து ஊதுவார். அவளும் வருஷக்கணக்கில் ஏமாந்து, அப்புறம்தான் கிராம்பைக் கண்டுபிடித்தாள்.

திடீரென்று ஒருநாள் நிஜமாகவே நிறுத்தினார். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டார். அதற்கப்புறம்தான் நடை தள்ளாடியது. கோடு இரண்டாகத் தெரிந்து, கடையில் ஒரு நல்ல துணியைப் பாழாக்கினார்.

அன்று வாசலில் நின்று ஊதினார். வாடையே இல்லை.

"சத்தியமா குடிக்கலைம்மா."

"கிராம்பை விட்டுட்டு இப்ப எதை மென்னீங்க? நேரா நிக்க முடியலை, சத்தியம் வேற" என்று கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். கடைசியில், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இது போதை இல்லை" என்றார் டாக்டர். "சாராயத்துக்குப் பழகின மூளை, அதை நிறுத்தினா துடிக்கும். அதை இவர் தாண்டிட்டார். ஆனா பல வருஷமா சரியான சாப்பாடு இல்லை. கொஞ்சநஞ்சம் சாப்பிட்டதுல இருந்த வைட்டமின் பி1 சத்தையும் குடி உடம்புல சேர விடலை. அது இல்லாம மூளையில ஞாபகம் வைக்கிற இடமே கெட்டுப்போகும். தள்ளாட ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, ஊசி போட்டு நிறைய காப்பாத்தியிருக்கலாம்."

 

ஊசி போட்டதில் கண் தெளிந்தது. ஞாபகம் திரும்பவில்லை. இப்போது அக்கா மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறாள். அவள் தட்டைக் கழுவி வருவதற்குள் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார். எழுந்து வாசலுக்குப் போய், அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவர்போல நின்று, அவள் முகத்தில் ஊதுகிறார்.

"இன்னிக்கு குடிக்கலை."

"தெரியும். நம்புறேன். உள்ள வாங்க."

சந்தோஷமாக உள்ளே வருகிறார். கொஞ்ச நேரத்தில், அவள் நம்புவாளோ மாட்டாளோ என்ற பயத்தோடு, மறுபடியும் வாசலில் நிற்கிறார்.