தம்பி ஊர் டீம்

அம்மா இருந்தவரை அமெரிக்காவிலிருந்து வரும் அழைப்புக்கு ஒரு மணி நேரம் போதாது. என் தம்பி என்ன சமைத்தான், மேலதிகாரியோடு ஏன் மல்லுக்கட்டினான், எந்த வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துண்டோடு போட்டுத் துவைத்துப் பாழாக்கினான் என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அம்மா போன பிறகு அந்த அழைப்பு அப்பாவுக்கு வரத் தொடங்கியது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"அங்க குளிரா?"

"குளிர்தான்பா."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. வாரம் ஒருமுறை வந்த அழைப்பு மாதம் ஒருமுறை என்றாயிற்று. இருவருக்கும் கோபமோ மனத்தாங்கலோ கிடையாது. பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான். மகன் தன்னோடு ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு அப்போது வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஓர் அழைப்பில்தான் தம்பி தன் ஊரில் பேஸ்பால் பார்க்கப் போன கதையைச் சொன்னான். ஆபீசில் இலவசமாக டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். "சூப்பரா இருந்துச்சுப்பா. நம்ம டீம் ஜெயிச்சிடுச்சு," என்றான். 'நம்ம டீம்' என்ற அந்தச் சொல்லை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மார்ச் மாதம் அடுத்த சீசன் தொடங்குவதற்குள், ஆட்டங்களை நேரலையில் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லி என் உயிரை எடுத்துவிட்டார்.

அங்கே மாலையில் தொடங்கும் ஆட்டம் இங்கே எங்கள் கிளமெண்டி வீட்டில் காலையில் வரும். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன். அப்பா பால் சேர்க்காத கோப்பி ஓ குவளையோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார். "இப்ப தம்பியும் பாத்துக்கிட்டுதான் இருப்பான்," என்பார். அவர் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரியும்.

கிரிக்கெட்டிலேயே ஊறிய மனிதருக்கு இந்த ஆட்டம் லேசில் பிடிபடவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஸ்ட்ரைக் என்றால் அவருக்கு வேலைநிறுத்தம். "அடிக்காம விட்ட பந்துக்கு எதுக்கும்மா ஸ்ட்ரைக்னு பேரு?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான் என்பது போல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் கூடும் பழைய கிரிக்கெட் நண்பர்கள் அவரைக் கிண்டலடித்துத் தீர்த்தார்கள். "என்னண்ணே, கிரீன் கார்டு வாங்கிட்டீங்களா லா?" என்றார் ஒருவர். அப்பா அசரவில்லை. பேஸ்பால் ஏறக்குறைய தினமும் நடக்கிற ஆட்டம். தினமும் ஆட்டம் உண்டு என்றால் மகனிடம் சொல்லத் தினமும் ஒரு செய்தி உண்டு. அதுதான் அவர் கணக்கு.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் தம்பிக்குக் குரல் செய்தி அனுப்புவார். பேட்டியளிப்பது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தொடங்குவார். டீமோ படுசொதப்பல். ஏப்ரலிலேயே கடைசி இடத்துக்குப் போய் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. அப்பா ஒருநாளும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. "கவலைப்படாதப்பா, பவுலிங் தேறிட்டு வருது," என்று ஆறுதல் சொல்வார். தம்பியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். சில நாள் 'ஓகே பா' என்று வரும். அப்பா அதை என்னிடம் காட்டுவார். "பாத்தியா, உடனே பதில் போட்டுட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா போனதும் என் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவோடு வந்து இருப்பவள் நான். ஒரே கூரையின் கீழ் இருக்கும் மகளோடு பேச அவருக்கு எந்த ஆட்டமும் தேவைப்படவில்லை. அதனாலேயோ என்னவோ, அவர் அதிகம் பேசவும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஜூலைக் கடைசியில் அப்பாவுக்கு மிகவும் பிடித்த பந்துவீச்சாளரை வேறோர் ஊர் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த விளையாட்டில் அது சகஜமாம். அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. "சீசன் நடுவுல ஆளத் தூக்கிக் குடுக்கிறாங்களே, என்ன நியாயம்? நேத்துவரைக்கும் நம்ம பையன்," என்று குரல் உடைந்து ஒரு நீளமான செய்தி அனுப்பினார். அதற்கும் ஒரு கட்டைவிரல்தான் வந்தது. அன்று அப்பா அதை என்னிடம் காட்டவில்லை. மதியம் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில், சீசன் முடியும் வாரம், ஒரு சனிக்கிழமை மாலை நானே தம்பியை அழைத்தேன். எடுத்ததும் பொரிந்து தள்ளினேன். "ஒரு வரி எழுதிப்போட உனக்கு டைம் இல்லையா? மனுஷன் இவ்ளோ மாசமா உனக்காகத்தான் அந்தக் கண்றாவியப் பாத்துக்கிட்டு இருக்காரு!"

 "அக்கா, நான் இப்ப அந்த ஊர்லயே இல்ல," என்றான். வேலை மாறி பிப்ரவரியிலேயே வேறு மாநிலத்துக்குப் போய்விட்டானாம். அவன் பேஸ்பால் பார்த்தது அந்த ஒரே ஒரு நாள்தான். "சொல்லலாம்னு இருந்தப்பதான் அப்பா முதல் மெசேஜ் அனுப்பினாரு. அவ்ளோ சந்தோஷமா பேசினாரு. நான் எப்படிச் சொல்றது?"

"அதெல்லாம் நீ கேக்கவாவது செய்றியா?"

"ஒண்ணுவிடாம கேக்கிறேன் அக்கா. அவரு என்ன சொல்றாருன்னுதான் புரியாது."

இதை நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிவிடு என்று போனை வைத்துவிட்டேன். அவனைத் திட்டத்தான் அழைத்தேன். திட்டி முடித்த திருப்தி எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி அழைத்தான். அப்பா அவசர அவசரமாக ஸ்பீக்கரைப் போட்டார். "பாக்குறியா? இன்னைக்கு ஜெயிச்சிடுவோம்போல!"

"அப்பா, நான் வேலை மாறிட்டேன். பிப்ரவரியிலேயே. இப்ப வேற ஊர்ல இருக்கேன். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். சாரிப்பா."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எங்கள் மூவருக்குமே நன்றாக இருந்திருக்கும்.

"புது வேலை பிடிச்சிருக்கா?" என்றார்.

"பிடிச்சிருக்குப்பா."

"அந்த ஊர்ல டீம் இருக்கா?"

"இல்லப்பா. சின்ன ஊரு."

அப்பா விடவில்லை. "பக்கத்துல பெரிய ஊர் ஏதாச்சும் இருக்குமே? அங்க இருந்தாலும் பரவால்ல. அடுத்த சீசன்லேர்ந்து நான் அதைப் பாக்குறேன். நீ டீம் பேரை மட்டும் சொல்லுப்பா."

தம்பி பேசவில்லை. அப்பா, "ஹலோ? ஹலோ?" என்றார். பிறகு போனை என் பக்கம் நீட்டி, "லைன் கட் ஆயிடுச்சா பாரும்மா. பேர் சொல்றதுக்குள்ள போயிடுச்சு," என்றார்.

வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக் கேட்டேன். லைன் கட் ஆகவில்லை. தம்பி அழுதுகொண்டிருந்தான்.