பாட்டுக்குக் கீழே இருக்கும் தம்பி

இந்த நாட்டில் எட்டரை என்றால் ஏழரை. நோர்வேக்காரர் ‘ஹால்வ் ஒத்தெ’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அரை எட்டு’. நம்மவர் எவரும் அதை எட்டரை என்றுதான் எடுப்போம். அவர்களுக்கோ அது எட்டாவது மணியில் பாதி கழிந்த நேரம், அதாவது ஏழரை. வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் யாராவது இப்படி நேரம் சொன்னால் நான் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். வந்த புதிதில் இதனால் பஸ்ஸைத் தவறவிட்டேன், பல் டாக்டரைத் தவறவிட்டேன். அதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம் வரும். என்னைப் பிடித்தது எந்தச் சனி என்று பிறகு சொல்கிறேன்.

மாதத்தில் ஒருநாள் எங்கள் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஜாஸ் இசைத்தட்டுச் சேர்ப்பவர்கள் கூடுகிறோம். ஒருவர் தட்டைப் போட, மற்றவர்கள் இருமலையும் அடக்கிக்கொண்டு கேட்பார்கள். பன்னிரண்டு பேரில் வெளிநாட்டான் நான் ஒருவன்தான். என்னை ‘பாஸ்மன்னென்’, பாஸ்காரர் என்று கூப்பிடுகிறார்கள். ஆளுயர வயலின்போல நிற்கும் டபுள் பாஸ் தனியாக ஒலிக்கும் இடங்களை என்னளவுக்குக் கேட்பவர் இந்த நகரத்தில் இல்லையாம். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு அவசியமான தட்டுகளையும் மேடைப் பதிவுகளையும் எழுதித் தரும்படி சென்ற மாதம் கேட்டார்கள். ஏறாவூரிலிருந்தும் ஒருவர் இதையே கேட்டு எழுதியிருந்தார். ஆகவே தமிழிலும் எழுதுகிறேன்.

பெயர்களை எந்தக் கடைக்காரரும் சொல்வார். நான் சொல்வது இவ்வளவுதான். ஸ்டூடியோத் தட்டை விட்டுவிட்டு, சின்ன மண்டபத்தில் மூன்று நான்கு பேர் வாசித்த பதிவை வாங்குங்கள். கிளாஸ் முட்டுவதும் கதிரை இழுபடுவதும் கேட்க வேண்டும். ‘இரைச்சல் நீக்கியது’ என்று உறையில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சக்ஸபோன்காரர் ஒதுங்கி, டிரம்ஸ்காரரும் கையைக் கட்டிக்கொண்டு, பாஸ் மட்டும் நெடுநேரம் ஒலிக்கும் தட்டே என் சிபாரிசு. பதிவுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அங்கேதான் கேட்கும். இதைச் சொன்னால் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பெரிய இரசனையாம். இரசனையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. நான் தேடியது என் தம்பியை.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். டவுனுக்குப் போவதென்றால் வாவியைப் ‘பாதை’யில் கடக்க வேண்டும். பாதை என்றால் தெரு என்று நினைக்கும் மற்ற ஊர்த் தமிழருக்கும் இதை விளக்கவேண்டியிருக்கிறது. எங்களுக்கு அது ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவை. நான் இங்கே வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் தம்பி ரூபன் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசெட் அனுப்பினான். ஒரு பக்கம் முழுக்க, அரை மணி நேரம் பேசியிருந்தான். மறுபக்கம் வெறுமை. அறையில் ஆறு பேர் இருந்ததால் ஒரே ஒருமுறைதான் கேட்டேன். பிறகு தனியாக, ஆறுதலாகக் கேட்போம் என்று எடுத்து வைத்தேன்.

முகாமில் மொழி படிப்பித்த பெண், ரேடியோவில் ‘ஹால்வ் ஒத்தெ’க்கு மொழிப்பாடம் போகிறது, பதிந்து வைத்துக் கேள் என்றாள். நான் சரியாக எட்டரைக்கு, வெறும் பக்கம் என்று நினைத்து, அவசரத்தில் கசெட்டைப் பக்கம் மாறிப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டுக் கோப்பை கழுவப் போனேன். பாடமோ ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டது. திரும்பி வந்தபோது ரேடியோவில் யாரோ ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலோடு பதிவை நிறுத்திவிட்டு, நாடா எவ்வளவு மிச்சமென்று பார்க்க ஓடவிட்டேன். “பாதை வருது அண்ண. வாறன்” என்றான் தம்பி. அதோடு நாடா முடிந்தது.

அடுத்த மாதம் பாதையேறி டவுனுக்குப் போன ரூபன் வீடு திரும்பவில்லை. போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. இன்றுவரை பதிலில்லை.

தம்பியின் பேச்சுக்கு மேல் பதிந்துபோன அந்தக் கச்சேரியை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நடுவே நான்கு நிமிடம் பாஸ் மட்டும் ஒலிக்கும். அதற்கடியில் தம்பி கதைப்பது போலிருக்கும், சொல் பிடிபடாது. பாஸின் சத்தம் எது என்று நன்றாகப் படித்துவிட்டால் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் தட்டுகள் வாங்கத் தொடங்கினேன்.

எங்கள் கூட்டத்தில் ஆர்னே என்றொருவர், ரேடியோ திருத்தி ஓய்வுபெற்றவர். இரண்டு கிழமைக்கு முன் அவரிடம் கசெட்டைக் கொடுத்து, பாட்டுக்குக் கீழே இருப்பதை எடுத்துத் தாருங்கள் என்றேன். என் நோர்வே மொழிதான் பிசகு என்று நினைத்த மனிதர், பாட்டைத் துப்புரவாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தார். தம்பியின் கடைசி வரியைப் போனிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு மொழிபெயர்த்தும் வைத்திருந்தார்.

“வீதி வருகிறது, நானும் வருகிறேன். என்ன அழகான கவிதை!” என்றார்.

“கவிதையில்லை ஆர்னே. ஃபெர்ரி.”

அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பழைய ரெக்கோடரைத் திறந்து காட்டினார். ‘ஸ்லெத்தெஹூதெ’, அழிக்கும் தலை. அது முன்னால் அழித்துக்கொண்டே போகுமாம், மற்றத் தலை பின்னால் எழுதிக்கொண்டே வருமாம்.

“கீழே ஒன்றும் இருக்காது” என்றார்.

“கொஞ்சமும் இல்லையா?”

“ஒன்றுமே இல்லை.”

வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருடமாக நான் யாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அம்மாவுக்கு இதெதுவும் தெரியாது. கசெட் பத்திரமாக இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லியே காலத்தைக் கடத்தியிருந்தேன். இப்போது அவருக்கு எழுந்து நடக்க ஏலாது. போன ஞாயிறு போனில் ஒரே பிடியாக நின்றார்.

“உசிர் போக முந்தி அவன்ட சத்தத்த ஒருக்காக் கேக்க வேணும் மனே. போடு.”

கடைசித் துண்டைப் போட்டேன்.

“மிச்சம் எங்க மனே?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பாட்டுக்குக் கீழ இரிக்கம்மா.”

“அப்ப அந்தப் பாட்ட அனுப்பு. நான் கேட்டுப் புடிக்கிறன்.”

அனுப்பினேன். அம்மா சோறு தின்னவும் மறந்து போனைக் காதோடு வைத்திருப்பதாகத் தங்கை சொன்னாள். நேற்றுக் காலை அம்மாவே எடுத்தார். குரலில் அப்படியொரு சந்தோசம்.

“தும் தும்மெண்டு ஒண்டு தனிய வருதே மனே, அதுக்குள்ள கதைக்கிறான். என்ன சொல்றானெண்டுதான் விளங்கல்ல. உனக்குக் கேக்குதா?”

“ஓம் அம்மா” என்றேன்.

“இன்னொருக்காப் போடு, ரெண்டு பேருமாக் கேப்பம்.”

போட்டேன். படுவான்கரையில் அவரும் பனிக்குள் நானும், ஒன்றுமே இல்லாத அந்த நான்கு நிமிடத்தை மூச்சுவிடாமல் கேட்டோம்.