புது மூடி

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் பழைய காரை வீட்டுக்காரர் இருந்தபோதே நான்தான் ஓட்டுவேன். போன வருடம் லுக்குட் ஊர்ப் பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்த போமன், அதான் மெக்கானிக், பெட்ரோல் டாங்கிக்குப் பளபளவென்று ஒரு புது மூடியும் போட்டுக் கொடுத்தான். இனாமாம்.

அதிலிருந்து வண்டி செம்பனைக் காட்டுக்குள் வந்ததும் நின்றுவிடும். போமன் வந்து சேர்வதற்குள், ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பிளக்கை மாற்றினான், பம்பை மாற்றினான். கடைசியில் என்னையே மாற்றச் சொன்னான்.

“இன்ஜின் ஓக்கே லா, பாட்டி. ஒங்களுக்குத்தான் வயசாச்சு, கால் பெடல்ல நிக்கல.”

“சாவியக் குடுத்துரும்மா” என்று மகன் கையை நீட்டினான். கொடுத்தால் கோவிலுக்குப் போகக்கூட மருமகளைக் கேட்டு நிற்கவேண்டும். “நாளைக்கு வாங்கிக்க” என்றேன்.

மறுநாள் கடைசியாக ஒருமுறை சந்தைக்குக் கிளம்பினேன். வழக்கமான இடத்தில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். டாங்கி புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருகியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பழைய மூடியில் காற்றுப் போக ஓர் ஓட்டை உண்டு. இதில் இல்லை. காற்று நுழையாத டாங்கியிலிருந்து பெட்ரோல் எப்படி வரும்? போமன் வருவதற்குள் இடுக்கு வழியே கொஞ்சம் கசிந்து நுழைந்துவிடும்போல.

மூடியை இறுக்காமல் வைத்து நேரே பட்டறைக்கு ஓட்டினேன். கழற்றி அவன் மேசையில் வைத்தேன்.

“தம்பி, இத ஒன் வாய்க்குப் போட்டுக்க.”

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், போகட்டும். அவன் பேச்சைக் கேட்டு, நல்லாயிருந்த என் காலையே நான் சந்தேகப்பட்டேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சாவி என் முந்தானையில்தான் இருக்கிறது.